நெஞ்சுவலிக்கு எந்தப் பரிசோதனை: டிரெட்மில்லா, சிடி ஆஞ்சியோவா, நேரே ஆஞ்சியோகிராமா?

நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க இன்று குறைந்தது ஆறு வழிகள் உள்ளன: டிரெட்மில் (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி எடுப்பது), ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் படம்), நியூக்ளியர் ஸ்கேன் (கதிரியக்க மருந்து செலுத்தி இதயத் தசையின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது), கால்சியம் ஸ்கோர் (குழாயில் படிந்த சுண்ணாம்பை அளப்பது), சிடி ஆஞ்சியோ (சாய மருந்து ஏற்றி இதயக் குழாய்களை எடுக்கும் சிடி ஸ்கேன்), கை அல்லது தொடை வழியே குழாய் செலுத்திச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோகிராம். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எப்படிப்பட்ட வலி, எத்தனை வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை உண்டா என்று தெரிந்தால் சொல்லலாம். பரிசோதனைக்கு முன்பே அந்த மனிதருக்கு அடைப்பு இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு இருந்தது என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் எந்த ரிப்போர்ட்டுக்கும் பொருள் உண்டு. அந்த முதல் கணக்கைப் போடாமல் எல்லாருக்கும் ஒரே சீட்டை எழுதிக்கொடுப்பதால்தான் தேவையில்லாதவர்கள் ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேபுக்குப் போகிறார்கள். போக வேண்டியவர்கள் ‘நார்மல்’ என்ற தாளோடு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்து வந்து போகும் வலியைப் பற்றி. இப்போது தொடங்கி இருபது நிமிடமாகியும் அடங்காத இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், ஓய்வில் இருக்கும்போதே வரும் வலி, சில நாட்களுக்குள் வேகமாகக் கூடிவரும் வலி ஆகியவற்றுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குள் நுழைந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி, பிறகு சில மணி நேர இடைவெளியில் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை என்பதே அங்கு முறை. கிராமத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை மறக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் அங்கேயே தரப்படுகின்றன. இந்த நிலையில் இருப்பவரை டிரெட்மில்லில் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து.

வலியைக் கேட்டு வாங்குவது

1979-இல் டயமண்ட், ஃபாரஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட முறைதான் இன்றைய எல்லாக் கணக்குகளுக்கும் வேர். கேள்விகள் மூன்று. வலி நெஞ்சின் நடுவே, எலும்புக்குப் பின்னால், அழுத்துவது போலவோ இறுக்குவது போலவோ இருக்கிறதா? உடலுழைப்பிலோ மன உளைச்சலிலோ வருகிறதா? நின்று ஓய்வெடுத்தாலோ நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்தாலோ ஐந்து நிமிடத்துக்குள் அடங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது முழுமையான அஞ்சைனா, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு இறுக்கம். இரண்டு என்றால் அரைகுறை அஞ்சைனா. ஒன்றோ, ஒன்றும் இல்லையோ என்றால் இதயம் சாராத வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கேள்விகள் எளிது, கேட்கும் விதத்தில்தான் பிசகுகிறது. “நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டால் அஞ்சைனா உள்ள பலர் “வலியெல்லாம் இல்லை” என்பார்கள். அடைக்குது, பாரமா இருக்கு, எரியுது, கேஸ் ஏறிக்கிது என்பதுதான் அவர்கள் வாயில் வரும் சொல். எத்தனை தூரம் நடந்தால் வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் போகிறது, சாப்பிட்ட கையோடு நடந்தால் சீக்கிரம் வருகிறதா, மேட்டில் ஏறும்போது கூடுகிறதா என்று கேட்க வேண்டும். வலிக்குப் பயந்து மாடி ஏறுவதையே விட்டுவிட்டவருக்கு வலி வராது. ஆகவே ஆறு மாதத்துக்கு முன் என்னென்ன செய்தார், இப்போது எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதும் கேள்விதான்.

சுருக்கென்று ஒரு நொடி குத்திவிட்டுப் போவது, நாள் முழுக்க விடாமல் வலிப்பது, ஒற்றை விரலால் “இங்கேதான்” என்று தொட்டுக்காட்டுவது, அழுத்தினால் கூடுவது, மூச்சை இழுத்தால் கூடுவது எல்லாம் இதயத்துக்கு எதிரான சாட்சிகள். நைட்ரேட்டில் அடங்கியதை மட்டும் வைத்து இதயம் என்று முடிவு கட்டக் கூடாது. உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலியும் அதே மாத்திரைக்கு அடங்கும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களிடமும் பெண்களிடமும் முதியவர்களிடமும் நெஞ்சு இறுக்கம் இல்லாமல், உழைக்கும்போது மூச்சு வாங்குவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும்

1979 அட்டவணையின்படி, ஐம்பதுகளில் உள்ள ஆணுக்கு முழுமையான அஞ்சைனா இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு 92%. அதே வயதுப் பெண்ணுக்கு 79%. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019-இல் வெளியிட்ட அட்டவணையில் அதே இருவருக்கும் 32%, 13%. உடம்பு மாறிவிடவில்லை. பழைய எண்கள் ஆஞ்சியோகிராம் வரை அனுப்பப்பட்டவர்களிடமிருந்தும் பிரேதப் பரிசோதனைகளிலிருந்தும் வந்தவை. புதியவை, நெஞ்சுவலியோடு வெளிநோயாளியாக வந்தவர்களிடமிருந்து வந்தவை. பழையதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் மருத்துவர் இன்றும் ‘நிச்சயம் அடைப்பு’ என்று நினைத்து நேரே ஆஞ்சியோவுக்கு எழுதிவிடுவார்.

2019 முறையில் 15%-க்கு மேல் வாய்ப்பு உள்ளவர்களுக்குப் பரிசோதனை பயன் தரும். 5%-க்குள் என்றால் பொதுவாகத் தேவையில்லை. இடைப்பட்டவர்களுக்கு யோசித்துச் செய்யலாம். 2024 வழிகாட்டுதல் இதில் ஐந்து காரணிகளை எண்ணிச் சேர்த்தது: குடும்பத்தில் இளவயது இதயநோய் (தந்தை, சகோதரருக்கு 55 வயதுக்கு முன், தாய், சகோதரிக்கு 65-க்கு முன்), புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை. நாற்பதுகளில் உள்ளவருக்கு இந்தக் காரணிகள் வாய்ப்பைக் கணிசமாக உயர்த்துகின்றன. எழுபது தாண்டியவருக்கு அவ்வளவாக மாற்றுவதில்லை. அங்கே வயதே பெரிய காரணி.

இந்த அட்டவணைகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளிடம் எடுக்கப்பட்டவை என்பதை நாம் மறக்கக் கூடாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சுமார் 53 வயதில் வந்தது; மற்றவர்களைவிட ஐந்து ஆண்டுக்கும் மேல் முந்தி. சென்னையில் நடந்து 2001-இல் வெளியான நகர்ப்புற ஆய்வில் பெரியவர்களில் 11% பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 21% பேருக்கும் இதயத் தமனி நோய் கணக்கிடப்பட்டது. நம் மக்களுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பெருக்கல் எண் எதுவும் கிடையாது. ஆகவே அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம். நாற்பது வயதில் சர்க்கரையும் புகைப்பழக்கமும் உள்ளவர் எல்லைக்கோட்டில் நின்றால் ஒரு படி மேலே வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. ஈசிஜியில் பழைய மாரடைப்பின் க்யூ அலை, எக்கோவில் சுவரின் ஒரு பகுதி சரியாக அசையாமை, வேறு காரணத்துக்கு எடுத்த நெஞ்சு சிடியில் தற்செயலாகத் தெரிந்த சுண்ணாம்புப் படிவு ஆகிய மூன்றும் எண்ணை மேலே தள்ளும். சாதாரண ஈசிஜி நார்மல் என்பது மட்டும் எதையும் கீழே தள்ளாது.

ஒரே பரிசோதனை, மூன்று மனிதர்கள்

டிரெட்மில், அடைப்பு உள்ளவர்களில் 58% பேரைக் கண்டுபிடிக்கும். இல்லாதவர்களில் 62% பேரைச் சரியாக விடுவிக்கும். சிடி ஆஞ்சியோவுக்கு இந்த எண்கள் 97%, 78%. பல ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த இந்தச் சராசரிகளை மூன்று பேருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

45 வயது ஆண், மூன்று கேள்விக்கும் ஆம். முன்வாய்ப்பு 22%. டிரெட்மில் பாசிட்டிவ் வந்தால் வாய்ப்பு 30% ஆகும், நெகட்டிவ் வந்தால் 16%. எது வந்தாலும் அவர் இன்னும் சந்தேகத்தின் நடுவிலேயே நிற்கிறார்; அடுத்த பரிசோதனை வேண்டும். சிடியில் குழாய்கள் சுத்தமாக இருந்தால் வாய்ப்பு 1%-க்கு இறங்கிவிடும். அடைப்பு தெரிந்தால் 55%-க்கு ஏறும்.

45 வயதுப் பெண், இரண்டு கேள்விக்கு மட்டும் ஆம். முன்வாய்ப்பு 6%. டிரெட்மில் பாசிட்டிவ் வந்த பிறகும் 9%தான். இப்படிப்பட்ட நூறு பெண்களுக்குப் பாசிட்டிவ் வந்தால் தொண்ணூற்றொரு பேருக்கு அடைப்பு இருக்காது. அந்த ஒரு தாளுக்காக எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கி ஆஞ்சியோவுக்கு ஓடுகின்றன.

72 வயது ஆண், முழுமையான அஞ்சைனா. முன்வாய்ப்பு 52%. டிரெட்மில் நெகட்டிவ் என்றாலும் 42% மிச்சம் இருக்கிறது. ‘நார்மல்’ என்று சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்புவது மேலே சொன்னதைவிட மோசமான தவறு.

டிரெட்மில் எதற்கு உதவும்

விலை குறைவு, கதிர்வீச்சு இல்லை, தாலுகா ஊர்களிலும் கிடைக்கிறது. அடைப்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அது பலவீனமான கருவி. ஆனால் ஒருவரால் எவ்வளவு உழைக்க முடிகிறது, எப்போது வலி வருகிறது, உழைக்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறதா என்பதை அதைப் போல வேறெதுவும் காட்டாது. புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும்: 2.7 கி.மீ. வேகம் 10% சரிவு, பிறகு 4 கி.மீ. 12%, பிறகு 5.5 கி.மீ. 14%. ஈசிஜியில் எஸ்டி எனப்படும் கோட்டுப் பகுதி கிடையாகவோ கீழ்நோக்கியோ 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் பாசிட்டிவ்.

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் ஆபத்தை எண்ணாகச் சொல்லும் டியூக் ஸ்கோரைக் கேளுங்கள். நடந்த நிமிடங்களிலிருந்து, எஸ்டி இறக்கத்தின் மி.மீ.-ஐ ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு வலிக்கான எண்ணை (இல்லை 0, வந்தது 1, வலியால் நிறுத்த வேண்டியிருந்தது 2) நான்கால் பெருக்கிக் கழிக்க வேண்டும். +5-ம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு, −11-ம் அதற்குக் கீழும் என்றால் அதிகம். ஏழு நிமிடம் நடந்து, 2 மி.மீ. இறங்கி, வலியால் நின்றவருக்கு 7 − 10 − 8 = −11. பன்னிரண்டு நிமிடம் நடந்து 1 மி.மீ. மட்டும் இறங்கி, வலியே வராதவருக்கு +7. இருவர் ரிப்போர்ட்டிலும் ‘பாசிட்டிவ்’ என்றே இருக்கும்.

தவறும் இடங்கள் பல. 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85% இதயத்துடிப்பை எட்டாமல் நின்றுவிட்டால் அந்தப் பரிசோதனை முடிவில்லாதது. அதை ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. மூட்டுவலி, உடற்பருமன், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எல்லாம் இதைச் செய்யும். நோயைக் கண்டறிவதற்கான டிரெட்மில்லுக்கு முன் அந்த மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் சுமார் 48 மணி நேரம் நிறுத்துவார்கள்; தானாக நிறுத்துவது ஆபத்து. இடது பண்டில் பிளாக் (இதயத்தின் மின்பாதையில் தடை), பேஸ்மேக்கர் துடிப்பு, டிகாக்சின் என்ற இதய மருந்து, இதயச் சுவர் தடிப்பால் ஏற்கெனவே இறங்கியிருக்கும் எஸ்டி ஆகியவை இருந்தால் டிரெட்மில் ஈசிஜியைப் படிக்கவே முடியாது. வலியே இல்லாதவருக்கு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இலவச இணைப்பாகத் தரும் டிரெட்மில்லையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காரணம், மேலே நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் போட்ட அதே கணக்கு.

“போன வாரம் டிரெட்மில் நார்மல், இந்த வாரம் அட்டாக்” என்பதற்கும் காரணம் உண்டு. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குழாய் சுருங்கினால்தான் டிரெட்மில் காட்டும். முப்பது, நாற்பது சதவீத அடைப்பின் மேல்தோல் கிழிந்து அங்கே ரத்தம் உறைந்தாலும் மாரடைப்பு வரும். கிழிவதற்கு முந்தின நாள் வரை ஓட்டத்தில் எந்தக் குறையும் இருக்காது.

சிடி ஆஞ்சியோ

அந்தச் சிறிய படிவுகளைக் காட்டுவதுதான் சிடியின் பலம். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சிடியும் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டில் இதயநோய் மரணமோ மாரடைப்போ வந்தது 2.3%, எடுக்காதவர்களில் 3.9%. படம் யாரையும் குணப்படுத்தாது. படிவைக் கண்ணால் பார்த்ததால் சரியானவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் போன்ற மருந்துகள் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் பிராமிஸ் ஆய்வில் 10,003 பேரைச் சிடிக்கும் ஸ்ட்ரெஸ் பரிசோதனைகளுக்கும் பிரித்துப் பார்த்தபோது இரண்டு ஆண்டளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016 முதல் அஞ்சைனா சந்தேகத்துக்குச் சிடியையே முதல் பரிசோதனையாக வைத்திருக்கிறது.

படம் நன்றாக வர இதயத்துடிப்பு 60–65-க்குள் இருக்க வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் முன்பு மெட்டோப்ரோலால் 50 முதல் 100 மி.கி. தருவார்கள், ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காபி, டீ அன்று வேண்டாம். குழாயை விரிக்க நாக்கின் அடியில் நைட்ரேட் தெளிப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக விழும் என்பதால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். முழங்கை மடிப்பில் பெரிய ஊசி, வேகமாகச் செல்லும் சாய மருந்து, உடம்பெங்கும் சில நொடி வெதுவெதுப்பு, பத்து நொடி மூச்சடக்கம். மூச்சை அடக்க முடியாதவருக்குப் படம் கலங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த அளவை முன்பே பார்க்க வேண்டும். சிறுநீரக வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே என்றால் வேறு வழி தேடுவது நல்லது. நல்ல கருவியில் கதிர்வீச்சு பெரும்பாலும் 5 மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும்.

சிடி ஏமாற்றும் இடம் சுண்ணாம்பு. சுண்ணாம்புப் படிவு படத்தில் ஊதித் தெரியும். 40% அடைப்பு 70% போலத் தோன்றும். அதனால்தான் எழுபது வயது தாண்டிய, நீண்ட நாள் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ளவருக்கு அது முதல் தேர்வு அல்ல. 3 மி.மீ.-க்குக் குறைந்த ஸ்டென்டின் உள்ளே தெளிவாகத் தெரியாது. துடிப்பு ஒழுங்கற்று ஓடினாலும் சிக்கல். இன்னொன்று: 50–69% அடைப்பு என்று வரும் ரிப்போர்ட் ஸ்டென்ட்டுக்கான சீட்டு ஆகாது. அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையில் தடுக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

கால்சியம் ஸ்கோர் சாயம் இல்லாத சிறிய சிடி. கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட். வாய்ப்பு 5 முதல் 15%-க்குள் இருப்பவருக்கு ஸ்கோர் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நாற்பது வயதுப் புகைப்பழக்கக்காரருக்கு முழுமையான அஞ்சைனா இருந்தால் பூஜ்யத்தை நம்ப வேண்டாம். இளவயதில் படிவு சுண்ணாம்பு ஏறாமல் மென்மையாகவே இருக்கும்.

ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர், எம்ஆர்ஐ

வாய்ப்பு 15%-க்கு மேல், குறிப்பாக 50% முதல் 85% வரை உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே ஸ்டென்ட், பைபாஸ் செய்தவர்களுக்கும் இவைதான் பொருத்தம். அடைப்பு இருப்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம். அது எவ்வளவு தசையைப் பட்டினி போடுகிறது என்பதே கேள்வி. ஸ்ட்ரெஸ் எக்கோவில் கதிர்வீச்சு இல்லை, கண்டுபிடிக்கும் திறன் 85% அளவு. ஆனால் பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. உடற்பருமன் உள்ளவருக்கும் நுரையீரல் நோய் உள்ளவருக்கும் படம் தெளியாது. நியூக்ளியர் ஸ்கேன் பல ஊர்களில் கிடைக்கிறது. நடக்க வைப்பதற்குப் பதிலாக இதயக் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்து கொடுத்துச் செய்வதானால் முதல் நாளிலிருந்தே காபி, டீ, சாக்லேட் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யாது. ஆஸ்துமா இருந்தால் அடினோசின் கூடாது. இதில் ஒரு பெரிய பொறி உண்டு: மூன்று குழாயிலும் சம அளவு அடைப்பு இருந்தால், ஒப்பிட நல்ல பகுதியே இல்லாததால் ஸ்கேன் ‘நார்மல்’ போல வரலாம். அறிகுறி கடுமையாக இருந்தும் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் சந்தேகத்தை விடக் கூடாது. ஸ்ட்ரெஸ் எம்ஆர்ஐ துல்லியமானது. பெரிய நகரங்களுக்கு வெளியே கிடைப்பது அரிது.

நேரே ஆஞ்சியோகிராம் யாருக்கு

வாய்ப்பு 85%-க்கு மேல் உள்ளவர், மருந்து கொடுத்தும் கொஞ்சம் நடந்தாலே வலி வருபவர், டிரெட்மில்லில் சீக்கிரமே ரத்த அழுத்தம் விழுந்தவர், இதயத்தின் பம்ப் திறன் குறைந்து காரணம் அடைப்பு என்று சந்தேகிக்கப்படுபவர். மற்றவர்களுக்கு முதல் பரிசோதனையாக இது வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 3,561 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான டிஸ்சார்ஜ் ஆய்வில் சிடியில் தொடங்கியவர்களுக்கும் நேரே ஆஞ்சியோ செய்தவர்களுக்கும் பெரிய இதய நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை (2.1%, 3.0%), செய்முறையால் வந்த பெரிய சிக்கல்களோ சிடி வழியில் 0.5%, ஆஞ்சியோ வழியில் 1.9%.

கேத் லேபில் இன்னொரு முடிவும் காத்திருக்கிறது: அடைப்பு தெரிந்தவுடன், மேசையிலேயே, “இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?” என்ற கேள்வி வரும். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நிலையான நோய் உள்ள 5,179 பேரில், உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும் முதலில் மருந்தோடு இருந்தவர்களுக்கும் மரணத்திலும் பெரிய நிகழ்வுகளிலும் வேறுபாடு நிரூபணமாகவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அவர்கள் கதை வேறு. ஆகவே நடுத்தர அடைப்பென்றால் அடைப்பைத் தாண்டி ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் எஃப்எஃப்ஆர் அளவு எடுத்தீர்களா, 0.80 அல்லது அதற்குக் கீழே வந்ததா என்று குடும்பத்தினர் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பரிசோதனை எல்லாம் முடிந்தபின் வரும் இரண்டு முடிவுகளைத்தான் நம் ஊரில் சரியாகக் கையாள்வதில்லை. ஒன்று, ‘லேசான படிவு, அடைப்பு இல்லை’. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்துவார்கள். ஸ்காட்-ஹார்ட்டில் பலன் வந்தது இத்தகையவர்களுக்கு மருந்து தொடங்கியதால்தான். ஸ்டாட்டினும் புகையை விடுவதும் சர்க்கரைக் கட்டுப்பாடும் அன்றே தொடங்க வேண்டும், ஆண்டுதோறும் சிடியைத் திரும்ப எடுக்க வேண்டாம். இன்னொன்று, ஆஞ்சியோவில் பெரிய குழாய்கள் சுத்தம், ஆனால் நடந்தால் அதே இறுக்கம். பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. “எல்லாம் மனப்பிரமை” என்று அனுப்பிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் விரியாமல் போனாலோ, பெரிய குழாய் அவ்வப்போது இறுகினாலோ இப்படி வலி வரும். இதற்கும் பரிசோதனையும் மருந்தும் உண்டு: நுண்குழாய்க் கோளாறுக்குப் பீட்டா பிளாக்கர் உதவும், குழாய் இறுக்கத்துக்குக் கால்சியம் சேனல் பிளாக்கரும் நைட்ரேட்டும் உதவும். இறுக்க வகைக்குப் பீட்டா பிளாக்கர் தொல்லையைக் கூட்டவும் கூடும் என்பதால் இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கும் இதயநோய் மருத்துவரிடம் அந்த ஆஞ்சியோ பதிவான குறுந்தகட்டையும், வலி எப்போது வருகிறது என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.